கண்ணில் ஒற்றிய ஆந்தை

கோப்பன்ஹேகனில் ஒரு அருங்காட்சியகத்தின் பின்கட்டில் நான் துப்பரவு வேலை செய்கிறேன். அன்று தூசி உறிஞ்சியின் குழாய் மேசைத் தட்டொன்றில் இடித்து, அதிலிருந்த பறவை என் சப்பாத்தின் மேல் விழுந்துவிட்டது. கையளவு ஆந்தை. பஞ்சடைத்த, மிகப் பழைய உடல். அந்தமான் தீவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனமாம். அங்கே வேலை செய்யும் பறவை ஆராய்ச்சிக்காரர் முன்பொருநாள் சொல்லியிருந்தார்.

எனக்கோ அது சாக்குருவி. அதில் என் கால் வேறு பட்டுவிட்டது. "முருகா" என்று கையுறையைக் கழற்றி, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கையுறையோடு மன்னிப்புக் கேட்க மனம் வரவில்லை. பிறகு தட்டில் வைத்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஆராய்ச்சிக்காரர் கேட்டார். "ஆந்தை இடம் மாறிக் கிடக்கிறதே, நீங்களா?"

ஓம் என்றேன்.

"கையுறை போட்டிருந்தீர்கள்தானே?"

கழற்றிவிட்டுத்தான் தொட்டேன் என்றேன். அவர் முகம் வெளிறியது. அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமலிருக்கப் பறவைத் தோலில் ஆர்சனிக் நஞ்சு பூசுவார்களாம்.

எனக்கு உடனே என் பேத்தியின் வாய்தான் நினைவுக்கு வந்தது. இரண்டு வயது. செத்ததைத் தொட்ட துடக்குக்கு வீட்டில் தலை முழுகத்தானே போகிறேன் என்று நான் வேலையிடத்தில் கை கழுவவில்லை. முதல் நாள் மாலை காப்பகத்திலிருந்து கூட்டிப்போகும்போது, அதே கையால் ரயிலில் தோடம்பழம் உரித்து அவளுக்கு ஊட்டியிருந்தேன்.

ஆராய்ச்சிக்காரர் நஞ்சு பற்றி விசாரிக்கும் தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தார். கையில் ஒட்டியது சொற்பமாகத்தான் இருக்கும், ஆனால் பிள்ளை சத்தி எடுத்தாலோ வயிறு வலித்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள்.

மகளுக்கு எடுத்தேன்.

"அப்பா, உங்களுக்கென்ன விசரே? கையுறை என்னத்துக்குத் தந்தவை, பொக்கெற்றுக்குள்ள வைச்சுக் கும்பிடவோ?" என்று கத்தினாள். பிறகு குரல் இறங்கியது. "காலமை அவள் பால் குடிக்கேல்லை அப்பா."

"நான் போறன் பிள்ளை. இப்பவே போறன்."

குழந்தைகள் காப்பகத்தில் மதியத் தூக்க நேரம். இங்கே பிள்ளைகளைத் தள்ளுவண்டிலில் வெளியில்தான் தூங்க வைப்பார்கள். முற்றத்துக் குளிரில் வண்டில்கள் வரிசையாக நின்றன. அவளுடையதைக் கண்டுபிடித்துக் குனிந்தேன். மூக்கருகில் விரல் வைத்துப் பார்க்கப் பயமாக இருந்தது. ஆறு தரம் கழுவிய கைதான். காதை வைத்துக் கேட்டேன். மூச்சு வந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கந்த சஷ்டி கவசம் சொன்னேன். பாதியில் வரிகள் மறந்துபோயின. மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.

கடைசியில் கண் விழித்தாள். பசிக்கிறது என்று டேனிஷில் அழுது, என்னைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள்.

நான் தூக்கவில்லை. உள்ளே பார்த்து ஆசிரியையைக் கூப்பிட்டேன்.