அக்காவுக்கு வந்த நிறம்

யாராவது ஒரு பெண்ணைப் பார்த்து "நல்ல கலரா இருக்கா" என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுள்ளென்று கோபம் வரும். கல்யாண வீடு என்றுகூடப் பார்க்க மாட்டேன், "முதல்ல ஒடம்புல ரத்தம் இருக்கான்னு பாருங்க" என்று சொல்லிவிடுவேன். எனக்கு மறை கழன்றுவிட்டது என்று உறவில் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டுமே! என் அக்காவுக்கு நிறம் வந்த கதை அவர்களுக்குத் தெரியாது.

அயனம்பாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம். அறுபதுகளின் கடைசியில் எங்கள் நைனாவுக்கு அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. முதல் காரியமாகக் கேழ்வரகுக் கூழ் காய்ச்சுவதை நிறுத்தினாள். ஏரிக்கரையில் கீரை பறிக்கப் போவதையும் நிறுத்தினாள். "கம்பெனிக்காரரு ஊட்ல இன்னாத்துக்குக் கூழு? நாலு பேரு பாத்தா சிரிப்பாங்க" என்பாள். வெள்ளை வெளேரென்று சோறு, அதன்மேல் ரசம். அதுதான் எங்கள் கௌரவம்.

ஷிப்டுக்குப் போகிற நைனா முதலில் சாப்பிடுவார். மீனோ முட்டையோ இருந்தால் அது அவருக்கு. பிறகு தம்பிகள், பிறகு நான். அம்மாவும் அக்காவும் கடைசி. பல நாள் சோறு தீர்ந்து ரசம்தான் மிஞ்சும். "எனக்குப் பசிக்கவே இல்லம்மா" என்று அக்கா சொல்வாள். நாங்களும் நம்பினோம்.

அவளுக்குப் பதினாறு, பதினேழு வயதிருக்கும்போது வேகாத அரிசி தின்னும் பழக்கம் வந்தது. முறத்தில் புடைக்கும்போதே பிடி பிடியாக வாயில் போட்டு மெல்லுவாள். அரிசி இல்லாத நாளில் என் பலப்பத்தைக் கடிப்பாள். "அடியே, உன் கண்ணாலத்துல மழ கொட்டப்போவுது பாரு!" என்று தெருவே கேலி செய்தது. ரத்தம் குறைந்த உடம்புதான் இப்படிக் கண்டதையும் கேட்கும் என்று எங்களில் யாருக்குத் தெரியும்?

நல்ல மாநிறம் அவள். கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தாள். முகம் லேசாக உப்பிப் பளபளத்தது. "வயசுப் பொண்ணு, நெறம் குடுத்துட்டா. மொகமும் பூசினாப்ல கீது" என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்ன அன்று, அம்மா உப்பும் மிளகாயும் எடுத்து அக்காவுக்குச் சுற்றிப் போட்டாள். தண்ணீர்க் குடத்தை வழியில் இறக்கி வைத்து அவள் மூச்சு வாங்கினால் மட்டும், "சொகுசு கண்டுட்டா" என்றாள். எனக்கு அந்த நிறம் வரவில்லையே என்று நான் கண்ணாடி முன் நின்று அழுததும் உண்டு. கர்மம்!

வேப்பம்பட்டிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் அக்காவின் முகவாயைத் தூக்கிப் பார்த்து, "பொண்ணு நல்ல கலரா கீறா, எங்களுக்குப் புடிச்சுப்போச்சு" என்றாள். அவ்வளவுதான், கல்யாணம் முடிந்தது. வருஷம் திரும்புவதற்குள் அக்கா உண்டானாள். வளைகாப்பு முடிந்து அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தபோது கால் இரண்டும் வீங்கியிருந்தன. வாசலிலிருந்து அடுப்படிக்கு வருவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாவுக்கு அப்போதுதான் பயம் வந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா அக்காவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.

"ரத்தமே இல்லையேம்மா. இப்படியே பிரசவத்துக்குப் போனா இந்தப் பொண்ணு தாங்க மாட்டா. வெளிறிப்போய் நிக்கிறா, இத்தனை நாளா என்ன பார்த்துக்கிட்டு இருந்தீங்க?"

அம்மா சொன்னாள்: "கலரா ஆய்கினு வரான்னு நெனச்சோம்மா."

டாக்டரம்மா அதற்குமேல் திட்டவில்லை. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார். கீரை, முட்டை, கேழ்வரகு, எதையும் விடாதே என்றார். மறுநாள் காலையில் அம்மா ஏரிக்கரைக்குக் கீரை பறிக்கப் போய்விட்டாள். யார் பார்த்தால் என்ன, சிரித்தால் என்ன? நைனாவின் முட்டை அக்காவின் தட்டுக்குப் போனது. நைனா தட்டைப் பார்த்தார், வெறும் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பினார்.

மாதம் ஒன்று போயிருக்கும். அக்காவின் முகத்து வீக்கம் வடிந்து, பழைய மாநிறம் எட்டிப் பார்த்தது. அப்போதுதான் அவள் மாமியார் அதிரசமும் முறுக்கும் எடுத்துக்கொண்டு பார்க்க வந்தாள். அக்கா மாத்திரையைக் கையில் எடுத்த நேரம்.

"ஐயோ, இத்தயா முழுங்கறே? இத்த துன்னா கொழந்த கறுப்பா பொறக்குமாம்! நீயே கறுத்துகினு வரியே. நாங்க வந்து பாத்த பொண்ணா இது?"

அக்கா மாத்திரையைத் தரையில் வைத்துவிட்டாள். புகுந்த வீடு சொல்லிவிட்டால் அவள் இனித் தொட மாட்டாள், செத்தாலும் தொட மாட்டாள். அப்படிப்பட்டவள்.

சம்பந்தியிடம் நிமிர்ந்து ஒரு வார்த்தை பேசியறியாத அம்மா, அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

"நீங்க வந்து பாத்தது எம் பொண்ணு கலரே இல்ல சம்பந்தி, அவ சீக்கு. நானும் அத்தத்தான் பாத்து பூரிச்சுப் போனேன், பாவி! செவப்பா பாடையில போறதுக்கு, கறுப்பா உங்க ஊட்டுக்கு வந்து வாழட்டும். முழுங்குடி!"

சொல்லிவிட்டு அம்மா கோவென்று அழுதாள். மாமியார்காரி தானே எழுந்துபோய்ச் சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து அக்காவிடம் நீட்டினாள்.

பிரசவத்தன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா கும்பிடாத சாமி இல்லை. பெண் குழந்தை பிறந்தது. நல்ல கறுப்பு, அது கத்திய கத்தலில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அக்கா பிழைத்துக்கொண்டாள். பெரிய உயிருக்கு இனி பயமில்லை என்று நர்ஸ் வந்து சொன்னபோது நானும் அம்மாவும் கட்டிக்கொண்டு அழுதோம்.

ஷிப்டு முடிந்து காக்கி உடுப்போடு நேராக வந்தார் நைனா. குழந்தையைக் கையில் வாங்குவார் என்று அம்மா நீட்டினாள். அவர் வாங்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"துன்னியாம்மா?" என்றார்.

அந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் அதுவரை யாரும் அக்காவிடம் கேட்டதில்லை. யாரைக் கேட்கிறார் என்று புரியாமல் அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.