கழற்ற முடியாத உயரம்

அடுக்குமாடிக் கட்டடங்களின் வெளிச்சுவரில் கயிற்றில் தொங்கியபடி வர்ணம் அடிப்பது தளவாயின் தொழில். திசையன்விளைக்குப் பக்கத்தில் பிறந்தவர். திருமணமான ஆண்டே திருவனந்தபுரத்துக்கு வந்து, சாலைக்கடைத் தெருவுக்குப் பின்னால் ஒரு வரிசை வீட்டில் மனைவி பகவதியம்மாளுடன் குடியேறியவர். கழக்கூட்டத்திலும் ஆக்குளத்திலும் எழுந்த பல குடியிருப்புகளின் நிறம் அவர் கையால் ஏறியது. அந்த வீடுகளின் உட்புறத்தை அவர் கண்டதில்லை. சன்னல்களை மட்டும் வெளிப்பக்கத்திலிருந்து நன்றாக அறிவார்.

கயிற்று வேலையில் ஒரு வழக்கம் உண்டு. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பலகையில் உட்காருமுன், இறங்குகிறவர் கயிற்றைச் சுண்டி இழுத்து “பிடியா?” என்று கேட்பார். மேலே நிற்கிறவர் “பிடி” என்று பதில் சொல்லவேண்டும். அந்தச் சொல் வராமல் யாரும் காலை வெளியே வைப்பதில்லை.

2024 மார்ச் மாதத்தில் ஒரு காலை, உச்சிமாகாளி “பிடியா?” என்று கேட்டார். பல ஆண்டுகளாகத் தளவாயோடு ஒரே சுவரில் தொங்கியவர் அவர். “பிடி” என்று சொன்னவர் தளவாய். முடிச்சில் பிழையில்லை, பிடியிலும் பிழையில்லை. சுவர் விளிம்பில் உரசி உரசிக் கயிறு உள்ளுக்குள் நைந்து அறுந்தது.

தளவாய் படியிறங்கி ஓடி வந்தபோது கீழே கூட்டம் கூடிவிட்டது. காவலாளியும் ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் மருத்துவமனையில் சீட்டு எழுதியவரும், தமிழர்கள் என்று தெரிந்ததும், ஒன்றையே கேட்டார்கள். “அண்ணா, ஊரு? ஊரு எவிடே?” உச்சிமாகாளி சொல்லவேண்டிய பதிலைத் தளவாய் சொன்னார். அன்று மாலைக்குள் அந்த ஊருக்கு உடல் போய்ச் சேர்ந்தது.

அதன் பிறகு தளவாயின் கால் சுவரைத் தாண்டவில்லை. ஒப்பந்தக்காரர் செல்வகணேஷ் கடுமையான மனிதர் அல்லர். ஆனாலும் வேலை நடந்தாக வேண்டும். “மழைக்காலம் முடியட்டும் அண்ணாச்சி. அதுக்குள்ள காலு வசத்துக்கு வரலேன்னா, வேற ஆளத்தான் நான் கயித்துல விடணும்” என்றார். அதுவரை தரையில் நின்று, சுவரைச் சமப்படுத்தப் பட்டி பூசும் வேலை. உடன் வேலை செய்த செல்வின் குழித்துறைக்காரன். வாய் சும்மா இராது.

“அண்ணாச்சி, என்ன ஜோலின்னு கேட்டா பட்டி பாக்கேன்னு சொல்லிராதீங்க. மலையாளத்துல பட்டின்னா நாய். இங்க உள்ளவன் நாய் மேய்க்கதா நெனப்பான்.”

“அதுவும் உள்ளதுதாம்ல. நாயும் தரையிலதான நிக்கி” என்றார் தளவாய். செல்வினுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூனில் ஒரு பேரங்காடியின் உட்சுவரைப் பூச அனுப்பப்பட்டபோதுதான் அவர் அந்தக் கடையைப் பார்த்தார். மெய்நிகர் உலகம் என்று பத்திரிகைகள் எழுதுவதை அங்கே ஒரு கறுப்புக் கண்ணாடிக்குள் காட்டினார்கள். தரையில் ஒரு மரப்பலகை கிடந்தது. கண்ணாடியை மாட்டியவர்கள் அதன்மேல் கைகளை விரித்துக்கொண்டு அலறினார்கள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கண்ணாடிக்குள் அது ஒரு கோபுரத்தின் உச்சியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பலகை என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார்.

தளவாய் வேலை முடிந்ததும் சீட்டு வாங்கினார். விழுந்தாலும் அடிபடாத உயரம் ஒன்று இந்த நகரத்தில் இருக்கிறதென்றால், தம் காலைச் சோதிக்க அதைவிட ஏற்ற இடம் எது?

கண்ணாடிக்குள் மின்தூக்கியின் கதவு திறந்தது. கீழே வண்டிகள் எறும்புகளாக ஊர்ந்தன. அவர் கை தானாக மேலே போய்க் கயிற்றைத் தேடியது. கயிறு இல்லை. “பிடியா?” என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. தரைப்பலகையின்மேல் குந்தினார்.

கடையைக் கவனித்துக்கொண்டிருந்த அஜிதா ஓடி வந்தாள். “சேட்டா, ஊரிக்கோ! வேகம் ஊரிக்கோ!”

தளவாய்க்கு ‘ஊரு’ மட்டும் காதில் விழுந்தது.

“திசையன்விளை பக்கம்… பேரு தளவாய்… வீட்டுல ஒடனே சொல்லிராதீங்க” என்றார்.

அஜிதா தன் கையாலேயே கண்ணாடியைக் கழற்றி, அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அவளுடைய பெற்றோர் மார்த்தாண்டத்துக்காரர்கள்; வீட்டில் மட்டும் பேசும் தமிழை அப்போது வெளியே எடுத்தாள்.

“அண்ணாச்சி, நான் கண்ணாடியைக் கழட்டச் சொன்னதாக்கும். மலையாளத்துல ஊருன்னா கழட்டுறது, கேட்டோ.”

“தெரியும்மா. இந்த ஊர்ல எத்தன வருசமா கெடக்கேன்! ஆனா விழுந்து கெடக்கவன்ட்ட சனங்க அதத்தான கேப்பாங்க?”

அவள் கேட்கவில்லை, அவராகவே உச்சிமாகாளியைப் பற்றிச் சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிரித்தபடி அடுத்த ஆளுக்கு இடம் விட்டார்கள்.

மறுவாரமும் அவர் போனார். அதற்கடுத்த வாரமும் போனார். பகவதியம்மாளுக்கு அது பிடிக்கவில்லை. “சின்னப் பிள்ளைய ஆடுத எடத்துல ஒங்களுக்கு என்ன சோலி? கண்ணக் கட்டிக்கிட்டு நடக்கதுக்குக் காசு வேற குடுக்கணுமாக்கும்!”

“தரையிலதாம்பிளா நடக்கேன்.”

“அப்போ வீட்டுத் தரை என்ன பாவஞ் செஞ்சுது?”

தளவாய் கடைக்குப் போய் அஜிதாவிடம் ஓர் ஏற்பாட்டைக் கேட்டார்.

“நான் பிடியான்னு கேப்பேன். நீ பிடின்னு சொல்லணும்.”

“என்னத்தை அண்ணாச்சி பிடிக்க?”

“ஒண்ணையும் பிடிக்காண்டாம். சொன்னாப் போதும்.”

அவள் சொன்னாள். முதல் நாள் ஓரடி எடுத்து வைத்தார். அடுத்த முறை பலகையின் பாதிவரை போனார். மழை நாட்களில் கடையில் கூட்டம் குறைந்திருந்தது. ஒருநாள் அவர் கேட்டார்: “இது போன் மாதிரி எல்லார் வீட்டுக்கும் வந்துருமா?”

“மொதலாளி அடுத்த ஓணத்துக்குள்ள வந்துரும்னு சொல்லுதார். போன ஓணத்துக்கும் அதுதான் சொன்னார்” என்றாள் அஜிதா. “மொதல் தடவை எல்லாரும் வாயைப் பிளப்பாங்க அண்ணாச்சி. ரெண்டாம் தடவை ஆரும் வரல்ல. போன்னா அந்தப் பக்கம் பேச ஒரு ஆள் உண்டு. இதை மாட்டுனா பக்கத்துல நிக்க ஆளும் காணாமப் போயிருதே.”

“எனக்கு நீ குரல் குடுத்த இல்லா?”

“அது நீங்க கேட்டதுனால. மிஷின்ல அது இல்ல.”

அவர் பலகையின் நுனிவரை போய்த் திரும்பிய நாளில் அஜிதா கைதட்டினாள். அவர் முகம் மலரவில்லை. “இங்க காத்து இல்லம்மா. சுவரோட சூடும் இல்ல. இதுல நின்னுட்டேன்னு அங்க நிப்பனான்னு தெரியல” என்றார். ஆகஸ்டில் கடையை எடுத்துவிட்டார்கள். கண்ணாடிகளைப் பெட்டியில் அடுக்கியபடி அவள் சொன்னாள்: “திரும்பத் திரும்ப வந்தது நீங்க ஒராள்தான். ஒங்கள நம்பிக் கடை நடத்த முடியுமா?” பிறகு, சிரிக்காமல், “போயி ஏறுங்க அண்ணாச்சி” என்றாள்.

செப்டம்பரில் வெயில் திரும்பியது. ஆக்குளத்துக் கட்டடத்தின் மொட்டைமாடியில் செல்வின் பலகையைக் கட்டி வைத்திருந்தான். செல்வகணேஷும் வந்து நின்றார். தளவாய் கயிற்றைக் கையில் எடுத்து முழு நீளத்தையும் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். விளிம்பில் உரசும் இடத்தில் சாக்கை மடித்து வைத்தார். பிறகு தள்ளி நின்றார்.

“இன்னொரு கயிறு வேணும் மொதலாளி. பலகைக்கு ஒண்ணு, இடுப்புக்குத் தனியா ஒண்ணு. வேற தூண்ல கட்டணும்.”

“இத்தன வருசமா ஒத்தக் கயித்துலதான தொங்குனீங்க? மிஷின்ல பழகிட்டு வந்து சட்டம் பேசுதீங்களே!”

“மிஷின்ல விழுந்தா கண்ணாடியக் கழட்டிரலாம் மொதலாளி” என்றார் தளவாய்.

செல்வகணேஷ் சுவருக்கு வெளியே எட்டிக் கீழே பார்த்தார். பிறகு சாவியைச் செல்வினிடம் நீட்டி, வண்டியை எடுத்துக்கொண்டு சாலைக்கடைத் தெருவுக்குப் போய் வாங்கிவரச் சொன்னார். கயிறும் இடுப்புப் பட்டையும் வந்து சேர உச்சிவெயில் ஆகிவிட்டது.

தளவாய் சுவரின்மேல் ஏறி உட்கார்ந்தார். கடல் பக்கமிருந்து காற்று வந்து சட்டையை உப்பவைத்தது. கயிற்றைச் சுண்டினார்.

“பிடியா?”

“பிடி அண்ணாச்சி” என்றான் செல்வின்.

கால் வெளியே போனது. பலகை அவர் எடையை வாங்கிக்கொண்டு ஒருமுறை சுழன்றது. ஒன்பது மாடியும் தரையும் கண்ணுக்கு முன்னால் சாய்ந்தன. அவர் வலக்கை சட்டென்று நெற்றிக்குப் போய், கழற்றுவதற்குக் கறுப்புக் கண்ணாடியின் பட்டையைத் தேடியது. அங்கே வியர்வை மட்டுமே இருந்தது. அதைத் துடைத்துவிட்டு, இடுப்புக் கயிற்றை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு, வாளியை இறக்கச் சொன்னார்.