வண்டியின் எடையைக் கழித்தவர்

தெற்கு இத்தாலியில் இருக்கிற எங்கள் மார்ச்சனீசே ஊரில் குத்துச்சண்டை தெரியாதவன் என்று ஒருத்தன் கிடையாது. கையில் உறையே மாட்டாதவன்கூட வாயாலேயே பன்னிரண்டு ரவுண்டு ஆடிவிடுவான். அப்படி ஆடுகிறவர்களில் பாதிப்பேர் ஆடுவது என் காப்பிக்கடையில். ஆகவே எங்கள் ஊர் நிக்காந்த்ரோ ஐரோப்பியப் பட்டத்தை வென்ற மறுநாள், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும், கடைக்குள் கால் வைக்க இடமில்லாமல் போனதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

நிக்காந்த்ரோவின் தாய்மாமன் பியாஜோ ஊரில் முடி திருத்துகிறவர். அன்றைக்கு அவர் தரையில் நடக்கவே இல்லை. ஏழாவது ரவுண்டில் டென்மார்க்காரனைச் சாய்த்த அந்தக் குத்தை, கையில் காப்பிக் கோப்பையோடு எனக்கே நாலு தடவை நடித்துக் காட்டிவிட்டார். இரண்டு தடவை காப்பி என் சட்டைமேல் விழுந்தது. விழட்டும் என்று விட்டேன், எனக்கும் சந்தோஷம்தான்.

அந்தக் கூச்சலுக்கு நடுவே மூலை மேசையில் ஒருவர் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே, "பையன் நல்லாத்தான் ஆடினான். ஆனா ஜோடி சரியில்லே" என்றார்.

அவர்தான் லிபெராத்தோ வென்த்ரோனே. வயது அறுபத்து மூன்று, எடை ஐம்பத்து நாலு கிலோ. நகராட்சியின் லாரி எடைமேடையில் முப்பத்தைந்து வருடமாக வேலை. தக்காளி லாரி, வைக்கோல் டிராக்டர், எருமைப்பால் வண்டி எல்லாம் சரக்கோடு ஒரு தடவை, காலியாக ஒரு தடவை அவர் மேடையில் ஏறி இறங்க வேண்டும். அதனால் வாழ்க்கை முழுமைக்கும் அவரிடம் ஒரே ஒரு வேதவாக்குதான் உண்டு: முதலில் வண்டியின் எடையைக் கழி, அப்புறம் சரக்கைப் பற்றிப் பேசு. கல்யாணத்தில் மணப்பெண் அழகு என்றால் உடுப்பைக் கழிப்பார். இழவு வீட்டில் செத்தவர் நல்லவர் என்றால் செத்ததைக் கழிப்பார். என் காப்பியைப் பாராட்டினால்கூட சர்க்கரையைக் கழித்துவிட்டுத்தான் பாராட்டுவார். இப்படிப்பட்ட மனிதரோடு அவர் மனைவி கொன்சிலியா எப்படிக் குடித்தனம் நடத்துகிறாள் என்று கேட்டால், அவர் பேச்சில் பாதியைக் கழித்துவிடுவதாகச் சொல்வாள்.

ஆனால் அன்றைக்கு அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. சண்டைக்கு முந்தின நாள் மத்தியானம்தான் எடை பார்ப்பார்கள். நிக்காந்த்ரோ பட்டினி கிடந்து, வியர்வையில் நீரையெல்லாம் வடித்து, அறுபத்தொரு கிலோவில் தராசில் நின்றான். அப்புறம் முப்பது மணி நேரம் தின்றான், குடித்தான். டென்மார்க்காரனோ எப்போதும் ஐம்பத்தேழில் ஆடுகிறவன். ஆட வேண்டியவனுக்குக் கை முறிந்ததால், மூன்று வாரத்துக்கு முன்னால்தான் அவனைக் கூப்பிட்டார்கள். லாரியின் டயர் அமுங்குவதைப் பார்த்தே டன் கணக்கைச் சொல்கிறவர் லிபெராத்தோ. நிக்காந்த்ரோ மேடை ஏறியபோது கயிறு அமுங்கியதைப் பார்த்தாராம். அறுபத்தெட்டுக்குக் குறையாதாம்.

கடைக்குள் ரெண்டு கட்சியாயிற்று. திறமைதான் என்று ஒரு கட்சி, அந்தக் கட்சியில் எல்லோரும் இருந்தார்கள். அளவுதான் என்று இன்னொரு கட்சி, அதில் லிபெராத்தோ மட்டும் இருந்தார்.

பியாஜோவுக்கு முகம் சிவந்துவிட்டது. லிபெராத்தோவின் மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவர் அவர். அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் கும்பாரே என்றுதான் கூப்பிடுவார்கள். பியாஜோ காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, காப்பி இயந்திரத்துக்கு மேலே இருந்த தட்டைக் காட்டினார். அங்கே லிபெராத்தோவின் வெள்ளிக் கோப்பை இருந்தது. 1982இல் ஐம்பத்தொரு கிலோ பிரிவில் மாநிலப் பட்டம். முப்பத்துநாலு சண்டை ஆடியவருக்கு மிஞ்சிய ஒரே பட்டம். என் அப்பா காலத்திலிருந்து அது அங்கேதான் இருக்கிறது.

"கும்பாரே, அதுக்கும் கழிச்சுப் பாரேன்" என்றார் பியாஜோ. "உன்னோட ஆட வேண்டியவனுக்குக் காய்ச்சல். கடைசி நேரத்துல கஸ்தெல்லம்மாரேலேருந்து ஒரு குருவியைப் புடிச்சாந்தாங்க. அவன் நாப்பத்தெட்டரை, நீ அம்பத்தொண்ணு. ஒரே ஒரு பாயிண்டுல ஜெயிச்சே. கழிச்சா என்னய்யா மிச்சம்?"

லிபெராத்தோ தட்டை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் தொப்பியை எடுத்துக்கொண்டு, காப்பியைக் குடிக்காமலே போய்விட்டார். அந்தக் கோப்பையைத் தவிர அந்த மனிதருக்குப் பெருமை என்று வேறு ஒன்றும் கிடையாது என்பது ஊருக்கே தெரியும்.

அடுத்த பத்து நாள் அவர் முகத்தில் தாடி வளர்ந்தது. பியாஜோ கடைக்கு அவர் போகவில்லை, பியாஜோவும் கூப்பிடவில்லை. நரைத்தாடியோடு அவர் எடைமேடையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த லாரிக்காரர்கள் யார் இறந்தது என்று துக்கம் விசாரித்தார்கள்.

பதினோராம் நாள் காலை என் கடைக்கு வந்து, கோப்பையை இறக்கித் தரச் சொன்னார். எதற்கு என்றேன்.

"சரக்கு யாருதோ அவன்கிட்ட இறக்கணும்ல" என்றார்.

கஸ்தெல்லம்மாரேக்கு என் வண்டியில்தான் போனோம். குருவியின் பெயர் கத்தெல்லோ சோம்மா. துறைமுகத்துக்குப் பின்னால் மீன்கடை வைத்திருக்கிறார் என்று லிபெராத்தோ விசாரித்து வைத்திருந்தார். வழி நெடுக லிபெராத்தோ மடியில் கோப்பையை வைத்துக்கொண்டு, என்ன பேசுவது என்று முணுமுணுத்துப் பார்த்தபடியே வந்தார்.

குருவி இப்போது குருவியாக இல்லை. கணவாய் மீன் தட்டுகளுக்குப் பின்னால், ரப்பர் ஏப்ரன் கட்டிக்கொண்டு, தொண்ணூற்றேழு கிலோவில் ஒரு மனிதர் நின்றார். லிபெராத்தோ கண்ணால் எடை போட்டு என் காதில் சொன்னதுதான் அந்த எண். மீன்காரர் லிபெராத்தோவை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார்.

"அட, மார்ச்சனீசே ஈயா நீங்க?" என்றார். மேடையில் லிபெராத்தோவுக்கு அதுதான் பட்டப்பெயர்.

லிபெராத்தோ பாடம் பண்ணி வந்ததை மறந்துவிட்டார். கோப்பையை மீன்களுக்கு நடுவே ஐஸ்கட்டிமேல் வைத்தார். "இது உங்களுது. நான் உங்களைவிட ரெண்டரை கிலோ கூட. அதை வச்சுத்தான் ஜெயிச்சேன்" என்றார்.

கத்தெல்லோ சிரித்த சிரிப்பில் கடைக்குள் இருந்த பூனை வெளியே ஓடிவிட்டது. "ரெண்டரையா? அஞ்சுங்க" என்றார். "நான் நாப்பத்தாறுதான். அந்த எடையில எனக்கு ஜோடியே கெடையாது. எட்டு மாசமா சும்மா மூட்டையைக் குத்திக்கிட்டுக் கெடந்தேன். உங்க பிரிவுல ஆட நாப்பத்தெட்டுக்கு மேல இருக்கணும். அதான் எங்கப்பாவோட தூண்டில் ஈயக்குண்டை ரெண்டரைக் கிலோ ஜட்டிக்குள்ள போட்டு, துண்டைச் சுத்திக்கிட்டுத் தராசுல ஏறினேன். ஏறும்போது ஒரு குண்டு கீழே விழுந்துச்சு. வயித்து வலின்னு குனிஞ்சு பொறுக்கிட்டேன்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. லிபெராத்தோ சிரிக்கவில்லை. அஞ்சு கிலோ என்று கேட்டதும் அவர் முகம் இன்னும் தொங்கிப்போயிற்று. கோப்பையை மீன்காரர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். கத்தெல்லோ அதைத் திரும்ப இவர் பக்கம் தள்ளினார்.

"தோத்தவனுக்கு எதுக்குங்க கோப்பை? நான் அன்னைக்கே ஒண்ணு கேட்டேன், ஞாபகம் இருக்கா? ராணுவத்துக்குப் போயிட்டு வந்ததும் திரும்ப ஆடலாம்னேன். சரின்னு கை குடுத்தீங்க. அதைக் குடுங்க, போதும்."

லிபெராத்தோவுக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. கை கொடுத்தால் மாறக் கூடாது என்பது எங்கள் பக்கத்துச் சண்டைக்காரர்களின் சட்டம். நாற்பத்திரண்டு வருடமாக ஒரு மனிதர் அந்தக் கைக்குக் காத்திருந்திருக்கிறார். லிபெராத்தோ தொப்பியைக் கழற்றினார், மீன் வாசனையோடு இருந்த அந்தப் பெரிய கையைப் பிடித்துக் குலுக்கினார். ஊருக்குத் திரும்பும் வழியில் கோப்பையை மடியில் வைத்துப் பாடிக்கொண்டே வந்தார், அது பழையபடி என் கடைத் தட்டுக்கே போயிற்று.

செய்தி பரவியதும், ஐரோப்பியப் பட்டத்தை எல்லோரும் மறந்துபோனார்கள். ஐம்பத்துநாலும் தொண்ணூற்றேழும் ஒரு ஜோடியா என்பதே என் கடையில் ஒரே பேச்சு. ஈயின் கால்வேகம் போதும் என்றார் ஒருவர். ஈ மேல் மாடு உட்கார்ந்தால் கால்வேகம் எதற்கு என்றார் இன்னொருவர். இவரை மேடை ஏற விடலாமா என்று கொன்சிலியாவிடம் கேட்டதற்கு, வீட்டில் தினமும் என்னிடம் வாங்குகிறாரே, அங்கே கொஞ்சம் வாங்கினால் என்ன என்றாள்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. எங்கள் ஊர்க் குத்துச்சண்டை மன்றத்தில் பழைய விதி ஒன்று உண்டு: தாடியோடு மேடை ஏறக் கூடாது. லிபெராத்தோ தானே சவரம் செய்துகொண்டதே கிடையாது. கல்யாணத்தன்றுகூட பியாஜோதான். வேறு வழியில்லாமல் சனிக்கிழமை காலை பியாஜோ கடை நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நான் வேண்டுமென்றே முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தேன். பியாஜோ பேசாமல் நுரை பூசினார், பேசாமல் கத்தியைத் தீட்டினார். அப்போது நிக்காந்த்ரோவே உள்ளே வந்தான்.

"மாமா, லிபெராத்தோ ஐயா சொன்னது தப்பு" என்றான். பியாஜோ நிமிர்ந்தார். "அறுபத்தெட்டு இல்லே, அறுபத்தொம்போது. அடுத்த தடவை என் அளவுக்காரனோட போடுங்கன்னு நானே கேட்டிருக்கேன். அப்பதான் எனக்கே என்னைப் பத்தித் தெரியும்."

பியாஜோ கத்தியைத் துண்டில் துடைத்தார். அப்புறம் லிபெராத்தோவின் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார். "கும்பாரே, நாளைக்கு உன் மூலையில வாளியோட நான்தான் நிப்பேன்" என்றார்.

"கத்தியைக் கழுத்துல வச்சுக்கிட்டுக் கேட்டா நான் வேற என்ன சொல்றது" என்றார் லிபெராத்தோ. இருவரும் சிரித்ததில் நுரை கண்ணாடி வரைக்கும் தெறித்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சதுக்கத்தில் போட்ட மேடையில் ஆட்டம். எடை பார்த்தது லாரி எடைமேடையில்தான். அது இருபது இருபது கிலோவாகத்தான் காட்டும், அதனால் ஈக்கு அறுபது, குருவிக்கு நூறு என்று அறிவித்தார்கள். ஈயக்குண்டு இருக்கிறதா என்று பியாஜோ கத்தெல்லோவின் பையைத் தடவிப் பார்த்தார். நடுவர் நிக்காந்த்ரோ, இடுப்பில் ஐரோப்பியப் பட்டத்துப் பெல்ட்டோடு. ஒரு நிமிடம் வீதம் மூன்று ரவுண்டு, தலையணை மாதிரி உறைகள்.

முதல் ரவுண்டில் ஈ சுற்றியது, மாடு நின்றது. இரண்டாவதிலும் அப்படியே. லிபெராத்தோ நாலைந்து குத்தை அந்த வயிற்றில் வைத்தார், அது வலித்ததாகத் தெரியவில்லை. கத்தெல்லோ கால் பெருவிரலை மட்டும் திருப்பித் திருப்பி இவர் போகிற பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாவதில் அவருடைய இடது தோள் ஒரு விரல் அளவு இறங்கியது. லிபெராத்தோ மறுபக்கம் பாய்ந்தார். அடுத்த நொடி மேடையில் உட்கார்ந்திருந்தார். அடி பலமே இல்லை, தொட்டதுதான். உட்கார்ந்த இடத்தில் அப்படியே வாயைப் பிளந்துகொண்டு கத்தெல்லோவைப் பார்த்தார். நிக்காந்த்ரோ கத்தெல்லோவின் கையைத் தூக்கினான்.

என் கடைக்குத் திரும்பியதும் எல்லோரும் லிபெராத்தோவைத் தேற்றினார்கள். நாற்பத்துமூன்று கிலோ வித்தியாசம், அந்த அளவுக்கு முன்னால் யார்தான் நிற்க முடியும், நீ சொன்னதுதான் சரி, அளவுதான் எல்லாம் என்றார்கள். ஊரே கடைசியில் அவர் கட்சிக்கு வந்துவிட்டது. பியாஜோ எல்லோருக்கும் உரக்கச் சொன்னார்: "கழிச்சுப் பாருங்கய்யா, எங்காளுதான் ஜெயிச்சான்."

லிபெராத்தோ மேசையில் ஒரு அடி வைத்தார். கரண்டிகள் குதித்தன.

"அளவு இல்லே. திறமை" என்றார். "தோளை இறக்கினான், நான் நம்பி இடப்பக்கம் போனேன், கை அங்கே காத்துக்கிட்டு இருந்துச்சு. அன்னைக்கும் இதே தோள், இதே கைதான். அப்பவும் மூணு ரவுண்டும் இதைத்தான் பண்ணான். ஆனா அன்னைக்கு அது எனக்கு நாலு விரல் முன்னாலயே நின்னுபோச்சு. அப்ப அவன் வளராத பையன், கை எட்டலே, அவ்வளவுதான். நான் தப்பிச்சேன்னு நெனச்சுக்கிட்டேன்."

கத்தெல்லோ துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவர், துடைப்பதை நிறுத்தினார்.

"அதை நீங்க அன்னைக்கே பார்த்தீங்களா?" என்றார் மெதுவாக.

"இல்லே. இன்னைக்குத்தான் பார்த்தேன். பார்க்க இவ்வளவு நாள் ஆயிடுச்சு."

லிபெராத்தோ எழுந்து வந்து கோப்பையைக் கேட்டார். இறக்கிக் கொடுத்தேன். மீன்கடையில் அவர் நீட்டியபோது தள்ளிவிட்ட மனிதர், இப்போது இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார்.