கண்ணில் விட்ட சொட்டு

சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. வளர்ப்பு மீனிலும் குளத்துத் தண்ணீரிலும் மருந்து மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வோம். நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலும் எங்கள் மெஷின் பிடித்துவிடும். அந்தப் பெருமையில் எங்கள் கால் தரையில் படுவதே அபூர்வம்.

பெரும்பாக்கத்துக்கு அப்பால் குத்தகைக் குளத்தில் கட்லா வளர்க்கும் பாய் ஒருவர், ஐஸ் பெட்டியில் நாலு மீனோடு வந்தார். ஒரு பெரிய கடை அவர் குளத்து மீன் மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. எங்கள் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி.

அந்த வாரம் எனக்கு மெட்ராஸ் ஐ. லீவு போடுவேனா? நான் வராவிட்டால் தாம்பரமே ஸ்தம்பித்துவிடாதா! கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, மீனை அரைத்தேன். எங்கள் கூடத்திலிருந்தே எதுவும் கலந்துவிடவில்லை என்று தெரிய, ஒவ்வொரு முறையும் மீனே இல்லாத வெற்று மாதிரி ஒன்றையும் சேர்த்து ஓட்ட வேண்டும் என்பது விதி. விதியெல்லாம் புதுசாகச் சேர்ந்தவர்களுக்குத்தானே? நான் ஓட்டவில்லை.

மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்ட ஆன்டிபயாடிக் இருப்பதாக முடிவு வந்தது. பாயை வரவழைத்தேன்.

"அல்லா மேல சத்தியமா நான் ஒண்ணும் போடல மேடம்."

"மெஷின் பொய் சொல்லாது பாய். இந்த மீன யாரும் சாப்பிடக் கூடாது."

எவ்வளவு கம்பீரமாகச் சொன்னேன் தெரியுமா? அவர் ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்து, வேறொருவரின் மீனோடு வெற்று மாதிரியையும் ஒழுங்காக ஓட்டினேன். அதிலும் அதே மருந்து. மீனே இல்லாத குப்பியில் மருந்து போட்டது எந்தப் பாய்? கைப்பையிலிருந்த கண் மருந்தை எடுத்து, முதன்முறையாக அதன் லேபிளைப் படித்தேன். அதே பெயர். அந்த வாரம் முழுக்க, கண்ணைத் தொட்ட விரலால் கையுறைப் பெட்டி, குப்பி, மூடி என்று எல்லாவற்றையும் தொட்டிருக்கிறேன்.

உடனே பாய்க்குப் போன் செய்தேன். தப்பு என்னுடையது, அந்த மருந்து என் கண்ணிலிருந்து வந்தது, மன்னித்துவிடுங்கள் என்று எதையும் மறைக்காமல் சொன்னேன்.

"போன வாரமே குளத்துல ப்ளீச்சிங் பவுடர் கொட்டிட்டேன் மேடம். யாரும் சாப்பிடக் கூடாதுன்னீங்களே. எல்லாம் மெதந்துச்சு. குழி தோண்டிப் பொதச்சிட்டோம்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கண்ணு இப்போ எப்டி கீது மேடம்?" என்று கேட்டார்.

"சரியாயிடுச்சு பாய்" என்றேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.