அந்தமான் டூரில் நான் கொண்டுபோன சேதி

1. பங்க் கிளாஸ்

கப்பல் மெட்ராஸ் துறைமுகத்தை விட்டு இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அடுக்குப் படுக்கை போட்ட பங்க் கிளாஸில் என் பார்ட்டி பதினான்கு பேரையும் தலை எண்ணி முடித்து, அப்பாடா என்று உட்கார்ந்தேன். எதிர் பங்கிலிருந்து விழிதியூர் கலியபெருமாள் கூப்பிட்டார்.

"தம்பி, அந்தம்மாகிட்ட சொல்லுங்க, தலைகாணிய இந்தப் பக்கம் வச்சுப் படுக்கச் சொல்லி. அந்தப் பக்கம் இன்ஜின் சூடு வருது."

அந்தம்மா என்பது அவர் மனைவி தையல்நாயகி. அவர் கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், அடுத்த பங்கில்தான் உட்கார்ந்திருந்தார். ஏதோ கேலி பேசுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். என்னைத் தவிர யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"எனக்கு சூடு ஒண்ணும் பண்ணல தம்பி. மல்லிகா அப்பாவுக்கு மாத்திரை போடுற நேரமாச்சு. அதைச் சொல்லுங்க."

இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டு, இரண்டு பேர் காதிலும் ஏற்கெனவே விழுந்துவிட்டதை நான் மறுபடி சொன்னேன். அவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். அந்த அம்மாள் தலையணையை மாற்றிப் போட்டார். நல்ல கூத்து என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. காரைக்கால் டவுனில் ஒரு சின்ன டிராவல்ஸில் டூர் கண்டக்டர். எண்பதுகளில் எங்கள் பிழைப்பே எல்.டி.சி.தான். அரசாங்க ஊழியர்கள் குடும்பத்தோடு ஊர் சுற்றிவர லீவும் டிக்கெட் செலவும் தருகிற சலுகை அது. காஷ்மீர், கன்னியாகுமரி என்று போய் ஜனங்கள் அலுத்திருந்த நேரத்தில் எங்கள் முதலாளி மரைக்காயர் அந்தமான் தீவுகளைப் பிடித்தார். தருமபுரத்துக்கு வக்கான்ஸ், அதாவது லீவுக்கு, வந்த ஒரு பிரான்ஸ்காரக் குடும்பம் ஊர் திரும்பும்போது விட்டுப்போன ஆறு செட் மாஸ்க் அவரிடம் இருந்தது. கண்ணையும் மூக்கையும் மூடுகிற கண்ணாடி, வாயில் கவ்விக்கொள்ள ஒரு வளைந்த குழாய். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டே மூச்சு விடலாம். ஊரெல்லாம் அதை ஸ்நார்க்கல் என்கிறது. அந்தக் குடும்பம் பிரெஞ்சில் 'துபா' என்று சொல்லிக்கொடுத்ததால் எங்கள் ஆபீஸில் கடைசிவரை துபாதான்.

முதலாளி எனக்குக் கற்றுக்கொடுத்த தொழில் பாடமும் ஒன்றே ஒன்றுதான்.

"பார்ட்டி என்ன சொல்லுதோ, அதை அப்படியே கொண்டுபோய் சேர்த்துடு அந்தோணி. கூட்டாதே, குறைக்காதே. நீ தபால்காரன். கதை எழுதுற ஆள் இல்ல."

அதை நான் வேதவாக்காக வைத்திருந்தேன். அதுதான் பின்னால் என் காலை வாரியது.

மறுநாள் காலையில் மேல்தளத்தில் மல்லிகா என்னைத் தேடி வந்தாள். கலியபெருமாளின் ஒரே பெண். காரைக்காலில் ஓர் அரசாங்க ஆபீஸில் டைப்பிஸ்ட். அவளுடைய எல்.டி.சி.யில்தான் அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள்.

"மன்னிச்சுக்குங்க சார், முன்னாடியே சொல்லியிருக்கணும். ஒம்பது வருஷமா அவங்க ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல. அப்பாகிட்ட சொல்லு, அம்மாகிட்ட சொல்லுன்னு வீட்டுல நான்தான் நடுவுல. அப்படியே நான் எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சு, டைப்பிங் முடிச்சு, வேலைக்கும் வந்துட்டேன்."

"அப்படி என்னம்மா சண்டை?"

"என் சடங்குல வந்தது சார். சுரக்குடியிலேருந்து மாமா சீர் கொண்டு வந்தாங்க. அம்மாவோட கூடப்பொறந்த தம்பி. அந்த வருஷம் அவங்களுக்கு வெள்ளாமை இல்ல, சீர் கொஞ்சம் கம்மி. பந்தியில மாமா சாதத்துல கையை வச்சப்ப, அப்பா நாலு பேர் முன்னாடி, 'இந்தச் சீருக்கு இலை ஒரு கேடா'ன்னு கேட்டுட்டாரு. மாமா அப்படியே எழுந்து போயிட்டாங்க. அப்புறம் எங்க வாசப்படி மிதிக்கல. ரெண்டே வருஷத்துல செத்தும் போயிட்டாங்க. அப்பா துக்கத்துக்குக்கூட போகல."

காற்றில் பறந்த முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"தை மாசம் எனக்குக் கல்யாணம் சார். விழுப்புரம் போயிடுவேன். அதுக்கப்புறம் அந்த வீட்டுல யாரு யாருகிட்ட சொல்றது? அப்பாவுக்கு நெஞ்சு வலின்னாக்கூட அம்மாகிட்ட சொல்ல ஆள் இல்ல. புது ஊரு, தீவு, கடல்னு பார்த்தா வாய் தொறப்பாங்களான்னுதான் கூட்டிக்கிட்டு வந்தேன். நான் நடுவுல போக மாட்டேன். இந்த டூர் முடியற வரைக்கும் நான் லீவு."

"நீங்க லீவு போட்டா நான் டூட்டி பாக்கணுமா?" என்று கேட்டேன். மல்லிகா சிரித்தாள். ஆனால் கண் நிறைந்திருந்தது.

2. லாஞ்சில் பத்தடி

போர்ட் பிளேரில் இறங்கியதிலிருந்து எனக்கு டூட்டிதான். ராஸ் தீவில் இடிந்த கட்டடங்களைச் சுற்றி வரும்போது, "தம்பி, அந்தம்மாகிட்ட சொல்லுங்க, பாசி இருக்கு, பாத்து கால் வைக்கச் சொல்லி" என்பார் இவர். "தலையில துண்டு போட்டுக்கச் சொல்லுங்க தம்பி, வெயில் ஒத்துக்காது" என்பார் அந்த அம்மாள். ஹேவ்லாக் தீவில் இளநீர் சீவினால் முதல் காய் என் கைக்கு வரும், அந்த அம்மாளிடம் சேர்க்கச் சொல்லி. வழுக்கையை அந்த அம்மாள் இளநீர் ஓட்டாலேயே வழித்து எடுத்து என்னிடம் தருவார், அவரிடம் சேர்க்கச் சொல்லி. எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. என் மனைவியிடம் நான் அதுவரை பேசிய அன்பான வார்த்தைகளைவிட, அந்த நாலு நாளில் இன்னொருத்தர் பெண்டாட்டியிடம் இன்னொருத்தர் சார்பில் பேசியது அதிகம். வெட்கமாக இருந்தது. ஊருக்குப் போனதும் அதைச் சரிசெய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹேவ்லாக்கிலிருந்து திரும்புகிற மோட்டார் லாஞ்சில்தான் வினை வந்தது. அந்த அம்மாள் முன்பக்கம் உட்கார்ந்திருந்தார். கலியபெருமாள் பின்பக்கம், பத்தடி தள்ளி. அங்கிருந்தே என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"தம்பி... அந்தம்மாகிட்ட சொல்லுங்க."

"சொல்லுங்கய்யா."

"அன்னிக்கி பந்தியில நான் பேசினது தப்புன்னு சொல்லுங்க."

ஒன்பது வருஷம்! என் டூரில், என் கண் முன்னால் வந்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. முதலாளி சொல்லிக்கொடுத்தபடி, கூட்டாமல் குறைக்காமல், அந்தப் பத்தடியை ஓட்டமும் நடையுமாகக் கடந்து போய்ச் சொன்னேன்.

"அம்மா, அன்னிக்கி பந்தியில பேசினது தப்புன்னு ஐயா சொல்லச் சொன்னாங்க."

அந்த அம்மாளின் முகம் அப்படியே இறுகிப்போனது.

"இதுக்குமா ஆளு?" என்றார். "என் தம்பியைச் சொன்னப்ப நாலு பேர் கேக்க நேரா சொன்னாருல்ல? தப்புன்னு சொல்ல மட்டும் ஆள் விடணுமா? வேணாம்னு சொல்லுங்க. வந்த வழியே திருப்பிக் கொண்டுபோய்க் குடுங்க."

திருப்பிக் கொண்டுபோக எனக்குக் கால் வரவில்லை. தேவையும் இருக்கவில்லை. பத்தடியில் அவர் காதில் எல்லாம் விழுந்திருந்தது. கலியபெருமாள் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு இரண்டு பேரும் என்னிடம்கூட ஒரு சேதி சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

கரை இறங்கியதும் மல்லிகா என்னைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு கோபம் வரும் என்று நான் நினைக்கவில்லை.

"ஒம்பது வருஷமா அப்பா வாயிலேருந்து வராத வார்த்தை சார் அது. அதை ஏன் சார் நீங்க வாங்கினீங்க? நீங்களே போய்ச் சொல்லுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இனிமே அவரு எந்தக் காலத்துல அதைச் சொல்லப் போறாரு!"

"அவர் சொன்னதைத்தானே..." என்று ஆரம்பித்தேன். அவள் கேட்டது நியாயம். நான் செய்தது மடத்தனம்.

3. ஜாலிபாய்

மறுநாள் கடைசித் தீவு. வண்டூர் படகுத்துறையிலிருந்து லாஞ்ச் ஏறி ஜாலிபாய் போக வேண்டும். பவளப்பாறை பார்க்கிற இடம் அதுதான். அந்த அம்மாள் ரூமிலேயே இருந்துகொள்கிறேன் என்றார். "நீ வரலேன்னா நானும் வரல" என்று மல்லிகா சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். பெண்ணுக்காகக் கிளம்பி வந்தார். வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தார்.

அங்கே கரையிலிருந்து கொஞ்சம் நடந்தாலே மார்பளவு தண்ணீரில் பவளம். ஒரு செட்டை நான் மாட்டிக்கொண்டேன். நாலு செட்டில் மற்றவர்கள் முறை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீதி ஒன்றை எடுத்துக்கொண்டு அந்த அம்மாளிடம் போனேன். குளத்தில் நீந்தி வளர்ந்தவர். தண்ணீருக்குப் பயமில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார். கலியபெருமாள் பத்து எட்டு தள்ளி, தண்ணீரில் தனியாக நின்று வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க உள்ளே துப்பித் தேய்த்து அலச வேண்டும். செய்து காட்டினேன்.

"ஐய! எச்சியைத் துப்பியா மூஞ்சியில மாட்டுறது?"

"எல்லாரும் அப்படித்தாம்மா. வெள்ளைக்காரனும் துப்பித்தான் மாட்டுறான்."

முணுமுணுத்துக்கொண்டே துப்பினார். மாட்டிக்கொண்டு, துபாவைக் கவ்வி, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தார். முதலில் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்த கை, கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. வெகுநேரம் எழவில்லை. எழுந்து மாஸ்க்கைக் கழற்றியபோது, அது லாஞ்சில் நான் பார்த்த முகமே அல்ல.

"தம்பி! இந்தப் பெரிய பச்ச மீனு கல்லைக் கடிச்சுத் திங்குது! சத்தம்கூட கேக்குது தம்பி, முறுக்கு கடிக்கிற மாதிரி!"

சொல்லிவிட்டு அவர் பக்கம் திரும்பினார். பிறகு, பழக்க தோஷம், என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, மல்லிகா அப்பாகிட்ட சொல்லுங்க..."

எனக்கு அது நன்றாகக் காதில் விழுந்தது. துபாவைக் கவ்விக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் விட்டேன்.

கிளி மாதிரி வாயுள்ள அந்த மீன் எனக்கு முன்னால்தான் இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. தண்ணீருக்குள் அந்த அம்மாளின் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெட்டி போட்ட இரண்டு பாதங்கள், மணலில் அப்படியே நின்றன. என்னை முதுகில் தட்டினார். நான் அசையவில்லை. மறுபடி தட்டினார். மாதாவே, இந்த ஒரு தடவை இவர்கள் கோபத்தை என் மேல் காட்டட்டும், பரவாயில்லை என்று வேண்டிக்கொண்டேன். பிறகு அந்தப் பாதங்கள் திரும்பின. ஒரு எட்டு வைத்தன. நின்றன. அப்புறம் நிற்காமல் நடந்தன.

அவை அவருடைய பாதங்களுக்கு எதிரில் போய் நின்றதும், நான் ஒரு காதை மட்டும் வெளியே எடுத்தேன்.

"இந்தாங்க."

"என்னையா?" என்றார் கலியபெருமாள்.

"பின்ன யாரை? சீக்கிரம் மாட்டுங்க, மீனு போயிடப் போவுது."

நான் மெல்லத் தலையைத் தூக்கிப் பார்த்தேன். அவர் தடுமாறி மாட்டினார். தண்ணீர் உள்ளே வந்து இருமினார்.

"மீசை இடிக்குது. மேல ஏத்தி மாட்டுங்க. இருங்க, குழாயைக் கழுவித் தாரேன், நான் வாயில வச்சது."

"இருக்கட்டும்" என்று சொல்லி, அவர் அதை அப்படியே வாங்கி வாயில் வைத்துக்கொண்டார்.

குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மாஸ்க்கைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன். நாயகி, அன்னிக்கி ஒன் தம்பியை நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. தப்பு என்னுதுதான். அவன் செத்தப்பவும் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றதுன்னுதான் வரல. அதுவும் தப்பு."

அந்த அம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அவன் உசுரோட இருக்கறப்ப இதைச் சொல்லியிருந்தா, ஓடி வந்து ஒரு வாய் சாப்புட்டுட்டுப் போயிருப்பானே!" என்றார். சொல்லிவிட்டு, சுற்றி ஆட்கள் இருப்பதையெல்லாம் பார்க்காமல் ஓவென்று அழுதார். கலியபெருமாளுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கடைசியில் அந்த அம்மாளின் முதுகில் வைத்தார். நான் மறுபடி முகத்தைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டேன். நானும் அழுதேன். மாஸ்க்குக்குள் அழுதால் துடைக்க வழியில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

திரும்புகிற லாஞ்சில் அவர்கள் சமாதானமாக வந்தார்கள் என்று எழுத ஆசைதான். இல்லை. அடுத்தடுத்து உட்கார்ந்துகொண்டு சண்டை போட்டார்கள். அந்தச் சடங்கில் ஆரம்பித்து, விற்ற கறவை மாடு, ஒழுகின கூரை, மல்லிகாவுக்குப் பார்த்து விட்டுப்போன வரன்கள் என்று ஒன்பது வருஷத்துப் பாக்கி. "நீ அன்னிக்கி என்ன சொன்னே?" "நீங்க என்ன செஞ்சீங்க?" லாஞ்சில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் என்ற முறையில் சமாதானம் செய்யலாம் என்று எழுந்தேன். மல்லிகா என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். முகமெல்லாம் கண்ணீராக இருந்தது, சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"ஒண்ணும் செஞ்சுடாதீங்க சார். நேரா போடுறாங்க."

அதன் பிறகு பதினெட்டு வருஷம் அந்தத் தொழிலில் இருந்தேன். எத்தனையோ பார்ட்டி, எத்தனையோ சேதி. ரூம் மாற்றுவது, சாப்பாடு சொல்வது, கார் கூப்பிடுவது எல்லாம் கூட்டாமல் குறைக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளும் அப்படியே செய்யுங்கள். ஆனால் பக்கத்தில் இருக்கிறவரிடம் சொல்லச் சொல்லி யாராவது மன்னிப்பை உங்கள் கையில் கொடுத்தால், வாங்காதீர்கள். காது கேட்காத மாதிரி இருந்துவிடுங்கள். வேலையில் குறை சொன்னால் சொல்லட்டும்.