ஃபைன் என்றால் சுகம் என்று யார் சொன்னது?

மொழிபெயர்ப்பாளர் வேலை என்பது, இரண்டு பேர் பேசும்போது நடுவில் இருந்துகொண்டு இரண்டு பேரிடமும் ஏச்சு வாங்குகிற வேலை.

லண்டனில் இருக்கிற நீங்களும் இந்த வேலையைப் பார்த்திருப்பீர்கள். மாமியாரைக் கூட்டிக்கொண்டு டொக்டரிடம் போயிருப்பீர்கள். மாமாவுக்காக கவுன்சில் ஆளோடு தொலைபேசியில் மல்லுக்கட்டியிருப்பீர்கள். நான் அதையே சம்பளத்துக்குச் செய்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். நீளமான மருத்துவச் சொற்கள்தான் எங்களைக் கவிழ்க்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அவற்றுக்கு அகராதி இருக்கிறது, பயமில்லை. என்னைத் திரும்பத் திரும்ப வம்பில் மாட்டிவிட்டது, பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த ஒரு சொல்: ஃபைன். ‘நல்லம்’ என்று சொல்லிவிட்டுப் போகலாம் என்று பார்த்தால், அடுத்த நாள் அதே சொல் வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு எதிரே வந்து நிற்கும். அந்தச் சொல்லோடு நான் பிடித்த சண்டைகளில் சிலவற்றைச் சொல்கிறேன். ஒன்றுக்கும் மன்னிப்புக் கேட்கிற எண்ணம் இல்லை.

பிந்தி வந்ததற்கு ஊசியா?

பிலோமினா அக்கா மன்னார்க்காரி, குட்மேய்ஸில் இருப்பவர். கழுத்தில் ஒரு சின்னக் கட்டி. அதிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கூப்பிட்டிருந்தார்கள். அன்றைக்கு பஸ் பிந்திவிட்டது. மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தவரிடம் தாதி சிரித்த முகத்தோடு, “ஃபைன் நீடில்தான், பயப்படாதீர்கள்” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நான் வாயைத் திறக்கும் முன்னரே அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டார். அவருடைய கணவர் கண்ட இடத்தில் கார் நிறுத்துகிறவர். அதனால் அந்த வீட்டில் ஃபைன் என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான்.

“பஸ் பிந்தினதுக்கு நான் என்ன செய்யிறது? அதுக்கு ஊசியாலை குத்துறதோ?” என்றார். தண்டனை இல்லை அக்கா, மெல்லிய ஊசி, தலைமயிர் மாதிரி என்று விளக்கி இருத்தினேன். தாதிக்கும் விஷயத்தைச் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு மன்னிப்புக் கேட்டாள். ஊசியும் போட்டு முடிந்தது. அது பயமில்லாத கட்டி என்று பின்னால் தெரியவந்தது. ஆனால் அன்றைக்கு அறையை விட்டு வெளியே வரும்போதும் அக்காவுக்குக் கோபம் ஆறவில்லை: “கழுத்திலை குத்த முதல் சொல்லுற சொல்லையாவது கொஞ்சம் பாத்துச் சொல்லப்படாதோ?”

தண்டம்

இதில் என்னை மாட்டிவிட்டது தமிழ். பெனடிக்ற் அண்ணை ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கிறார், சுப்பர்மார்க்கெற்றில் ஷிப்ட் வேலை. ஊரில் தகப்பன் செத்துப்போக, இரண்டு பிள்ளைகளையும் தவணை நடுவில் பள்ளிக்கூடத்தில் இருந்து மறித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். முப்பத்தோராம் நாள் பூசை முடித்துத்தான் திரும்பினார். தலைமையாசிரியை அவரைக் கூப்பிட்டு, இதற்கு ஃபைன் வரக்கூடும் என்றார். நானும் யோசிக்காமல், “அண்ணை, தண்டம் வரலாமாம்” என்று விட்டேன். அவர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். “ஆரை தண்டம் எண்டுறா? என்ரை பிள்ளையளையோ?”

எங்கள் பக்கத்தில் உதவாக்கரையையும் தண்டம் என்றுதான் ஏசுவோம், உங்களுக்குத் தெரியும். தண்டப்பணம் அண்ணை, பணம், பணம் என்று நான் கையெடுத்துக் கும்பிடாத குறை. அவர் ஆறி உட்கார்ந்தார். பிறகு, பணம் கட்டச் சொன்னால் கட்டுவேன், ஆனால் ஒரு வசனம் சொல்ல வேண்டும், அதை ஒரு சொல்லும் குறைக்காமல் சொல்லு தங்கச்சி என்றார். குறைக்கவில்லை. குரலையும் அவர் உயர்த்திய அளவுக்கே உயர்த்தினேன். தலைமையாசிரியை கையிலிருந்த பேனையை மூடி வைத்தார். பிறகு, கவுன்சிலோடு தானே கதைப்பதாகச் சொன்னார். ஃபைன் வரவேயில்லை. பெனடிக்ற் அண்ணை சொன்ன வசனம் இதுதான்: “மிஸ், அப்பர் பள்ளிக்கூட லீவு பாத்துச் சாகேல்லை.”

கறிவேப்பிலை

வால்தம்ஸ்டோவில் ஒரு கிளினிக். சுகந்தி என்ற இளம் தாய், நாலு வயது மகனோடு வந்திருந்தாள். பையனை ஓடவிட்டு, பாயவிட்டு, பென்சில் பிடிக்கவிட்டுப் பார்த்த தெரபிஸ்ட் கடைசியில் சொன்னார்: “க்ரோஸ் மோட்டர் ஃபைன். ஃபைன் மோட்டர்தான் ஃபைன் இல்லை.” ஒரே மூச்சில் மூன்று ஃபைன். சுகந்தி என்னைப் பார்த்தாள். “அக்கா, இவனுக்கு ஏன் மோட்டர் பூட்டவேணும்?”

ஓடுவது, ஏறுவது எல்லாம் நல்லம், சின்னச் சின்ன விரல் வேலைதான் அவனுக்குக் கஷ்டம் என்று சொன்னேன். அவளுக்குக் கண் கலங்கியது. உடனே துடைத்துக்கொண்டாள். இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அவவிடம் சொல்லுங்கோ என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். சொன்னேன். தெரபிஸ்ட் கோபிக்கவில்லை. நன்றாகச் சிரித்துவிட்டு, அப்படியென்றால் பயிற்சியை அங்கேயிருந்தே தொடங்குவோம், அவனுக்குப் பிடிக்காததை எல்லாம் பொறுக்கவிடுங்கள் என்றார். சுகந்தி சொல்லச் சொன்னது இதுதான்: “சோத்துக்குள்ளை கிடக்கிற கறிவேப்பிலையை ஒண்டு விடாமல் பொறுக்கி வைக்கிறவனுக்கு விரல் வேலை செய்யாதாமோ?”

குழாய்

எங்களை இடத்துக்கு இடம் அனுப்புகிற ஏஜென்சியில் குமரன் என்று ஒருவர். மலேசியத் தமிழர், படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். குரலை உயர்த்தவே மாட்டார். ஒருநாள் தொலைபேசியில் எடுத்து, “ஆஸ்பத்திரியில அவங்க ஒரு சொல் சொன்னா நீங்க பத்து சொல் சொல்றீங்களாம். நீங்க ஒரு பைப் மாதிரி இருக்கணும் லா. இந்தப் பக்கம் ஊத்தினா அந்தப் பக்கம் வரணும்” என்றார்.

அப்போது எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நொய். தாய்லாந்துக்காரி, அவளுடைய மொழிக்கு மொழிபெயர்ப்பாளர். எனக்கு வந்த அதே புத்திமதி அவளுக்குக் காலையிலேயே வந்துவிட்டதாம். உங்கள் மொழியில் ஃபைனுக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். எந்த ஃபைன் என்று திருப்பிக் கேட்டாள். அந்த இடத்திலேயே அவளை எனக்குப் பிடித்துவிட்டது. சுகமாக இருக்கிறேன் என்றால் ‘சபாய் தீ’. பிழையான இடத்தில் கார் விட்டுக் கட்டுகிறது ‘கா ப்ராப்’. அரித்த மா மாதிரி நைசாக இருந்தால் ‘லா-இயத்’. பரவாயில்லை, விடு என்றால் ‘மய் பென் ராய்’. நான் என் பக்கத்துக்கு சுகம், தண்டப்பணம், நைஸ், பரவாயில்லை என்று அடுக்கினேன். நைசுகூட ஆங்கிலத்திடம் கடன் வாங்கினதுதானே என்று என்னை மடக்கினாள். வீட்டில் பெண்சாதி ‘ஃபைன்!’ என்று சொல்லிக் கதவை அடித்துச் சாத்தினால் உங்கள் மொழியில் அதற்கு என்ன என்று கேட்டேன். அதற்குச் சொல் கிடையாது, கதவு மட்டும்தான் என்றாள். குமரன் இன்னும் தொலைபேசியில் காத்திருந்தார். நொய் அதை என் கையிலிருந்து வாங்கி, மிகவும் மரியாதையான ஆங்கிலத்தில் சொன்னாள்: “ஒரு சொல்லுக்கு ஒரு சொல்தான் வேண்டுமென்றால் அடுத்த முறை ஒரு கிளியை அனுப்புங்கள், ஐயா.”

யார் சொல்வது?

றீற்றா அக்காவுக்கு வயிற்றில் ஒப்பரேஷன் நடந்து இரண்டு மூன்று நாள். அவருடைய கணவர் சேவியர் அண்ணை நல்ல மனுசன். கோயில் பாடகர் குழுவில் இருப்பவர், மனைவிக்குத் தினமும் சூப் கொண்டு வருகிறவர். ஆனால் டொக்டருக்குக் கரைச்சல் கொடுப்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கிற சாதி. கட்டிலடியில் என்னைக் கண்டதும், “உங்களுக்கு வீண் அலைச்சல், பிள்ளை. எனக்கு இங்கிலிஷ் ஏலும்” என்றார்.

“ஓம் அண்ணை, உங்களுக்கு ஏலும். நான் அக்காவுக்குத்தானே வந்தனான்” என்று சொல்லி, கதிரையை அக்காவின் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டேன்.

டொக்டர் வந்தார். வயிற்று நோவு எப்படி என்று கேட்டார். நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அண்ணை, “ஷீ இஸ் ஃபைன்” என்றார். சாப்பிட்டாவா? ஃபைன். நித்திரை? ஃபைன். அக்காவின் முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. மேலுதட்டில் வியர்வை. என் வேலையில் என்னுடைய அபிப்பிராயத்தைச் சொல்லக்கூடாது. சொல்லவில்லை. இவ்வளவும் கணவர் சொன்ன பதில், நோயாளி இன்னும் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று மட்டும் டொக்டரிடம் சொன்னேன். ஒளிப்பு மறைப்பு வேண்டாம் என்று அதையே தமிழிலும் சொன்னேன்.

சேவியர் அண்ணைக்கு முகம் சிவந்துவிட்டது. “நீர் உம்மடை வேலையைப் பாரும்.”

“அதைத்தான் அண்ணை பாக்கிறன்.”

டொக்டரை வேறு வார்ட்டுக்குக் கூப்பிட்டார்கள். அவர் எழும்பவும், றீற்றா அக்கா போர்வைக்குள் இருந்து கையை நீட்டி அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். என்னைப் பார்க்கவில்லை, கணவரையும் பார்க்கவில்லை. “டொக்டர்,” என்றார், “நோ ஃபைன்.”

டொக்டர் திரும்ப உட்கார்ந்தார். அதன் பிறகு அக்கா தமிழில் கொட்டினார், நான் ஓட்டமாக ஓடிப் பின்னால் போனேன். முதல் நாள் இரவில் இருந்து குத்துகிறதாம், குடித்த சூப்பை அண்ணை போனதும் கிண்ணத்துக்குள்ளேயே ஓங்காளித்துச் சத்தி எடுத்தாராம், அவர் கவலைப்படுவார் என்று சொல்லவில்லையாம். உடனே ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே தையல் ஒன்று விட்டிருந்தது. அன்று பின்னேரமே திரும்பவும் ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். என்னுடைய நேரம் முடிந்த பிறகும் நான் போகவில்லை. சேவியர் அண்ணையும் நானும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தோம். அவர் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். அக்கா நல்லபடியாக வெளியே வந்தார்.

கொஞ்ச வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு என்னைத்தான் அனுப்பவேண்டும் என்று கேட்டு எடுத்தவர் சேவியர் அண்ணை. எனக்குக் கதிரையும் அவரே இழுத்துப் போட்டார். டொக்டர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதும், பழக்கதோஷத்தில் அண்ணையின் வாய் திறந்தது, பிறகு தானாகவே மூடிக்கொண்டது. றீற்றா அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, ஒன்றும் விடாமல் சொல்லும்படி என்னிடம் சைகை காட்டிவிட்டுச் சொன்னார்: “இண்டைக்கு நான் ஃபைன். ஆனால் அதை நான்தான் சொல்லுவன்.”

நாலு சொல் பார்க்கவேண்டிய வேலையை ஒரே சொல்லின் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாகத் தேத்தண்ணி குடிக்கிற நாட்டில், அந்தச் சொல்லும் நானும் ஓவர்டைம் இல்லாமல்தான் மாரடித்துக்கொண்டிருக்கிறோம்.