பூண்டுலோயாவிலிருந்து சிரியாவுக்கு

கொமினிகேஷன் கடை நடத்துகிறவளுக்குக் காது இருக்கவே கூடாது. போன் பெட்டிக்குக் கதவு போட்டு என்ன பிரயோசனம்? வெளிநாட்டுக்குப் பேசுகிற நம் ஆட்கள் போனே இல்லாமல் அங்கே கேட்கிற மாதிரித்தான் கத்துவார்கள். இந்தத் தொழிலில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்! அடுத்த வீட்டுச் சீக்கு, சண்டை, பிள்ளைப்பேறு எல்லாம் நம் தலையில்தான் வந்து விழும். பூண்டுலோயா பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பதினேழு வருசமாக நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதில் மருதமுத்து அண்ணன் வீட்டுக் கதை மட்டும் காதை விட்டுப் போவேனா என்கிறது.

வெள்ளிக்கிழமை

மருதமுத்து அண்ணனுக்குத் தேயிலை ஃபாக்டரியில் வேலை. அவர் சம்சாரம் செல்வி சிரியாவில் ஒரு வீட்டில் பணிப்பெண். அண்ணன் ஞாயிறு தவறாமல் என் கடைக்கு வந்து அவளோடு பேசுவார். எகிப்தில் சனங்கள் ரோட்டில் உட்கார்ந்தே ஜனாதிபதியை இறக்கியதை என் கடை டீவியில்தான் எல்லாரும் பார்த்தோம். பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூட உள்ளே வந்து கை தட்டினார்கள்.

கொஞ்ச நாளில் சிரியாவிலும் ஆரம்பித்துவிட்டது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஊர்வலம் போகிறார்களாம், வெடிச்சத்தம் கேட்கிறதாம், வீட்டு மேடத்தின் தம்பியும் போகிறாராம். செல்வி சொன்னதையெல்லாம் திருப்பிச் சொல்லிவிட்டு அண்ணன் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்: "வெள்ளிக்கிழமை மட்டுந்தான் பிரச்சினையாம் தங்கச்சி, மத்த நாள்ல கடையெல்லாம் தொறந்துதான் இருக்காம்."

தலைவர் மகள்

பிறகு ஒரு ஞாயிறு. ஊருக்குத் திரும்ப விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று எம்பசியில் சொல்லிவிட்டார்களாம். மேடமும் "நீ போயிரு" என்கிறாளாம். செல்வி புருசனிடம் கேட்கிறாள், வரவா, இருக்கவா என்று. ஒப்பந்தம் முடிய இன்னும் எட்டு மாசம் இருந்தது. அண்ணன் போனைக் கையால் பொத்திக்கொண்டு, கதவைத் திறந்து என்னைக் கேட்டார்.

என் அப்பா தேயிலைத் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர். நான் கண்ட போராட்டமெல்லாம் ஒரே மாதிரி. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுக்காமல் ரோட்டில் உட்காருவோம், கொழுந்து முற்றும், தொரை கொழும்புக்கு போன் போடுவார், பேச்சுவார்த்தை நடக்கும், கையெழுத்து விழும், மறுநாள் விடிந்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு பெரட்டுக்களத்தில் நிற்போம். போராட்டம் என்றால் உலகமெல்லாம் இப்படித்தான் என்று நினைத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். "ரெண்டு வாரத்துல பேசி முடிச்சிருவாங்கண்ணே, இருக்கட்டும்" என்று சொன்னவள் நான்தான். அண்ணன் கையை எடுத்துவிட்டுப் போனில் சொன்னார்: "பேசி முடிச்சிருவாங்க செல்வி, நீ எட்டு மாசத்த முடிச்சிட்டே வா."

அரபுப் பொம்பளை

அந்த எட்டு மாசம் முடியவில்லை. செல்வி இருந்த டவுனில் குண்டு விழுகிறது என்று செய்தியில் சொன்ன வாரம், நம்பரை அடித்தால் செல்விக்குப் பதில் ஓர் அரபுப் பொம்பளையின் பதிவுக் குரல். அண்ணன் தினமும் வந்து அதையே கேட்பார். ஃபாக்டரி உடுப்போடு, தலையெல்லாம் தேயிலைத் தூசியோடு நிற்பார். பார்க்கச் சகிக்காது.

குவைத்தில் இருந்துவிட்டு வந்த ஜெசிந்தா ஒருநாள் போட்டோ கொப்பி எடுக்க வந்தாள். போனை அவள் காதில் வைத்தோம். "இந்த நம்பர் பாவனையில இல்லைன்னு சொல்லுதுண்ணே" என்றாள். அண்ணன் போனை வாங்கி இன்னொரு தடவை கடைசி வரைக்கும் கேட்டார். "கோவமாப் பேசலயே தங்கச்சி, நல்ல விதமாத்தானே சொல்றாங்க?"

எந்தப் பக்கம்

செல்வியைத் தேடித் தரச் சொல்லி மனு எழுதினேன். ஒன்றா, இரண்டா! கடைசியில் கடையைப் பூட்டிவிட்டு நானே அவரைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஓர் அலுவலகத்தில் ஃபாரம் நிரப்பிய ஐயா சிங்களத்தில் கேட்டார், அந்த வீடு அரசாங்கம் பிடித்திருந்த பக்கமா, எதிர்த்தவர்கள் பிடித்திருந்த பக்கமா என்று. எனக்கென்ன தெரியும்? தமிழில் அண்ணனிடம் கேட்டேன். அவர் என்னையே திருப்பிக் கேட்டார்: "அவ கூட்டித் தொடைக்கத்தானே போனா, அவளுக்கு ஏது தங்கச்சி பக்கம்?"

நம்ம நாட்டு முறை

பத்து வருசம் போனபிறகு போராட்டம் நம் நாட்டுக்கே வந்தது. கேஸுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, கொழும்பில் சனக்கடல். ஹட்டன் பக்கத்துப் பிள்ளைகளும் லொறி பிடித்துப் போனார்கள். ஜனாதிபதி ஓடிவிட்டார் என்று டீவியில் சொன்னதும் கடையில் ஒரே ஆரவாரம், நானும் சேர்ந்து கத்தினேன். மூலையில் உட்கார்ந்திருந்த மருதமுத்து அண்ணன் மட்டும் அசையவில்லை. "ஏண்ணே, சந்தோசமில்லையா?" என்றேன். "நல்லதுதான். போன புள்ளைங்க எல்லாம் வீட்டுக்குத் திரும்பிருச்சுங்களான்னு மட்டும் பாத்துச் சொல்லு."

சிறை திறந்த அன்றைக்கு

ஊர்வலம் தொடங்கிப் பதின்மூன்று வருசம் கழித்து சிரியாவிலும் ஆட்சி விழுந்தது. சிறைகளைத் திறந்துவிட்டார்கள், காணாமல் போனவர்களைத் தேடிச் சனங்கள் ஓடுகிறார்கள் என்று செய்தி. அண்ணன் செல்வியின் பாஸ்போட் கொப்பியோடு வந்துவிட்டார். இப்போது கடையில் போன் பெட்டி கிடையாது, அந்த இடத்தில் கடதாசிக் கட்டுகள்தான். அதன்மேல் என் கைப்போனை வைத்து இரண்டு பேரும் வீடியோ பார்த்தோம். பொம்பளை முகம் வருகிற இடத்திலெல்லாம் நிறுத்தச் சொல்வார். குனிந்து பார்ப்பார். "இல்ல" என்பார். மத்தியானம் வரைக்கும் அப்படியே போனது.

என்னால் தாங்க முடியவில்லை. இத்தனை வருசம் வாயில் வராதது அன்றைக்கு வந்துவிட்டது. "அன்னைக்கு வரச் சொல்லியிருந்தா வந்திருப்பாண்ணே, இருக்கச் சொன்ன பாவி நான்தானே" என்று அழுதேன். அவர் கொப்பியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "நீ சொன்னது அவளுக்குத் தெரியாது தங்கச்சி. நான் சொன்னதாத்தான் அவ கேட்டுக்கிட்டா."

இப்போதும் "என்ன செய்யலாம் அக்கா?" என்று யோசனை கேட்டு ஆள் வராத நாளில்லை, நான் போட்டோ கொப்பி மட்டும் எடுத்துக் கொடுக்கிறேன்.